விண்ணப்பதாரர் 61 மன்னிக்கப்பட்ட விதம்

விமலராணி அந்தக் கடிதத்தை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரித்தாள். காலையில் இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாவில் அவளும் மகளும் இருக்கும் வீட்டுத் தபாற்பெட்டியில் அது கிடந்தது. கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இத்தாலிய மூதாட்டி ஒருவரைப் பராமரிக்கும் வேலைக்குப் போனாள். எண்பத்தொன்பது வயதுச் சிஞ்ஞோராவுக்குச் சூப் ஊட்டி, வாயைத் துடைத்து, ஜன்னலோரக் கதிரையில் இருத்திவிட்டு, கையைக் கழுவிய பிறகுதான் உறையைத் தொட்டாள். அதில் அரச இலச்சினை இருந்தது. அப்படிப்பட்ட உறைகளை அவசரப்பட்டுப் பிரிப்பதால் ஒரு நன்மையும் இல்லை என்பதைப் பதினேழு வருடங்களாக அவள் அறிந்திருந்தாள்.

'விடயம்: தங்கள் கணவரைக் கடத்தியமைக்காக மன்னிப்புக் கோரும் அலுவலருக்குத் தங்களின் ஒத்துழைப்பை வழங்கல்' என்று எழுதியிருந்தது.

அவளுடைய கணவன் பெனடிக்ற், ஊரில் பேசாலை என்ற கரையோரக் கிராமத்தில், ஒரு மீன் வாடியில் ஐஸ் உடைத்தவன். 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், மத்தியானம் இரண்டு மணிக்கு, சாப்பிடுவதற்காகச் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவனை ஒரு ஜீப் வண்டி ஏற்றிக்கொண்டு போனது. சைக்கிளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து விமலராணி எழுதாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில்தான் வந்தது: அப்படியான பெயருடைய எவரும் எம்மால் கைது செய்யப்படவில்லை. ஓர் அலுவலகம் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படியான பெயருடைய எவரும் அந்தக் கிராமத்தில் பிறக்கவேயில்லை என்று அறிவித்திருந்தது. அந்தக் கடிதத்தைக் கிராம சேவகரிடம் காட்டியபோது, பெயரின் எழுத்தில் ஏதோ பிழை நடந்திருக்கும் என்று அவர் ஆறுதல் சொன்னார்.

இப்போது அதே அரசாங்கம் 'கடத்தியமை' என்று எழுதியிருக்கிறது. அவள் அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். சந்தோஷப்படுகிறேனா என்று அவளுக்கே விளங்கவில்லை. சிஞ்ஞோரா ஏன் அழுகிறாய் என்று கேட்டார். வெங்காயம் என்றாள். சமையலறையில் அன்றைக்கு வெங்காயம் இல்லை. ஆனால் சிஞ்ஞோராவுக்கு அது நினைவிருக்காது.

கடிதத்தின் மீதிப் பகுதி விளக்கமாக இருந்தது. கலைக்கப்பட்டுவிட்ட பாதுகாப்புப் பொலிஸ் பிரிவில் கடமையாற்றியவர்கள், அரசியல் நோக்கத்துக்காகச் செய்த குற்றங்களை முழுமையாக வெளிப்படுத்தினால் மன்னிக்கப்படுவார்கள் என்று புதிதாக ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதற்கென்று ஓர் ஆணைக்குழு இருக்கிறது. வெளிநாடுகளில் வாழும் பாதிக்கப்பட்டோரின் வசதி கருதி அது நடமாடும் அமர்வுகளை நடத்துகிறது. நவம்பர் மூன்றாம் திகதி பலெர்மோவுக்கு வருகிறது. தாங்கள் சமுகமளிக்கத் தவறினால் விண்ணப்பதாரர் தேவையற்ற மன உளைச்சலுக்கு ஆளாக நேரிடும் என்று கடைசி வரி சொன்னது.

அன்று மாலையே பீலிக்ஸ் போன் எடுத்தார். பீலிக்ஸ் பலெர்மோவில் இருக்கும் தமிழரின் சங்கத்துக்குத் தலைவர். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் காவலாளி வேலை. ஆணைக்குழு மிலானுக்குப் போகாமல் பலெர்மோவுக்கு வருவது தன்னுடைய மூன்று மாதக் கடிதப் போக்குவரத்தின் பலன் என்றார். பங்குக் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கியாகிவிட்டது. பங்குச் சுவாமிக்கு அது ஒரு கலாசார நிகழ்ச்சி என்று சொல்லியிருக்கிறார். வரவேற்பு நடனத்துக்குப் பிள்ளைகள் பழகுகிறார்கள். விமலராணி நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வரவேண்டும், ஏனென்றால் பலெர்மோவில் கடிதம் வந்தது அவளுக்கு மட்டும்தான்.

"உன்னாலதான் விமலா எங்களுக்கு இந்த மரியாதை" என்றார்.

மகள் தர்சனாவுக்கு அப்பா போனபோது இரண்டு வயது. இப்போது பகலில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள், வார இறுதிகளில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் பரிமாறுகிறாள். அவள் சட்டத்தைப் போனில் தேடி எடுத்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பிரிவாக வாசித்தாள். 'முழுமையாக வெளிப்படுத்தல்' என்ற இடத்தில் நிறுத்தி, வழக்கம்போல ஓர் இத்தாலியச் சொல்லில் தொடங்கினாள்.

"அல்லோரா, அம்மா, எங்கை கொண்டுபோனவங்கள், என்ன செய்தவங்கள், எல்லாம் அவன் சொல்லத்தானே வேணும். சொல்லாட்டி மன்னிப்பு இல்லை."

அன்றிலிருந்து விமலராணி நாட்களை எண்ணத் தொடங்கினாள்.

நவம்பர் இரண்டாம் திகதி இறந்தவர்களின் நாள். வருடாவருடம் அன்றைக்குச் சிஞ்ஞோராவின் மகள் லூச்சியா தாயையும் விமலராணியையும் காரில் ஏற்றிக்கொண்டு கடலோரச் சவக்காலைக்குப் போவாள். சிஞ்ஞோரா சக்கர நாற்காலியில் இருப்பார். லூச்சியா பூ வாங்கப் போவாள். விமலராணி முழங்காலில் இருந்து, சிஞ்ஞோராவின் கணவருடைய பளிங்குக் கல்லைச் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பாள். ஒன்பது வருடமாகத் தேய்க்கிறாள். அந்த மனிதரின் பிறந்த திகதியும் இறந்த திகதியும் அவளுக்கு மனப்பாடம். இந்த முறை தேய்க்கும்போது, அடுத்த வருடம் இந்த நாளில் தானும் எங்கேயாவது ஒரு கல்லைத் தேய்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பில் ஒரு நிம்மதி இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்காக உடனே வெட்கப்பட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தாயும் மகளும் மண்டபத்துக்குப் போனார்கள். முன் இரண்டு வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்து, 'விண்ணப்பதாரர் தரப்புக்காக ஒதுக்கப்பட்டது' என்று எழுதி ஒட்டியிருந்தது. விண்ணப்பதாரர்கள் எல்லோரும் கொழும்பிலிருந்து திரையில்தான் தோன்றுவார்கள் என்பதால் அந்த வரிசைகளில் எவரும் இருக்கவில்லை. ஆனாலும் அங்கே வேறு எவரும் இருக்கக்கூடாது. பாதிக்கப்பட்ட தரப்பின் இடம் கடைசி வரிசை, கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில். வாசலில் இருந்த பலகையில் அன்றைய விசாரணை அறிவிக்கப்பட்டிருந்தது. விமலராணியின் முழுப் பெயரும் பிறந்த திகதியும் வீட்டு இலக்கமும் அதில் இருந்தன. மற்றப் பக்கத்தில் 'விண்ணப்பதாரர் 61' என்று மட்டும் இருந்தது. அவருடைய அந்தரங்கத்தைப் பாதுகாக்கவேண்டிய கடப்பாடு ஆணைக்குழுவுக்கு உண்டு.

விளக்கேற்றினார்கள். பிள்ளைகள் ஆடினார்கள். பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு நிமிடமும், கடமை காரணமாகப் பாதிப்பை ஏற்படுத்த நேர்ந்தவர்களுக்காக ஒரு நிமிடமும் மௌன அஞ்சலி என்று அறிவித்தார்கள். நேரம் போதாமையால் இரண்டையும் ஒரே நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள்.

ஆணைக்குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஆங்கிலத்தில் பேசினார். பக்கத்தில் நின்ற உமாசுதன் என்ற இளம் அலுவலர் அதைத் தமிழாக்கினார். உமாசுதனுக்குச் சொந்த இடம் யாழ்ப்பாணம். சட்டை மடிப்புக் குலையாமல், ஒரு செய்தி வாசிப்பவரைப் போலக் கதைத்தார்.

தலைவர் சொன்னார்: "குற்றம் ஒன்றினால் பாதிக்கப்பட்டவர் ஒரு தடவைதான் துன்பப்படுகிறார். அதைச் செய்தவரோ இரண்டு தடவை துன்பப்படுகிறார். செய்யும்போது ஒரு தடவை, நினைவு வரும்போது இன்னொரு தடவை. இதை நமது சமூகம் போதியளவு உணரவில்லை. குற்றவாளிகளே இல்லாத ஒரு நாடு என்பது எனது கனவு. தண்டித்தால் அது நிறைவேறாது, ஏனெனில் தண்டிக்கப்பட்டவர் குற்றவாளியாகவே இருந்துவிடுகிறார். மன்னித்தால் ஒவ்வொருவராகக் குறைவார்கள். இந்த வருடத்தில் மட்டும் அறுபது குற்றவாளிகளைக் குறைத்திருக்கிறோம் என்பதைப் பெருமையுடன் அறியத்தருகிறேன்."

பீலிக்ஸ் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

அதன் பிறகு விமலராணியை ஒரு மேசைக்குக் கூப்பிட்டார்கள். உமாசுதன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். முன்னால் படிவம், பக்கத்தில் அரக்கு முத்திரை வைத்த ஒரு மண்ணிற உறை. அதற்குள்தான் விண்ணப்பதாரர் 61 எழுதிக் கொடுத்த முழு உண்மையும் இருக்கிறது என்றார். மன்னிப்பு வழங்கப்பட்டதும் பாதிக்கப்பட்ட தரப்பின் முன்னிலையில் பிரிக்கப்படும். விமலராணி அந்த உறையைப் பார்த்துக்கொண்டே கேள்விகளுக்குப் பதில் சொன்னாள்.

முதல் இரண்டு பகுதிகளும் சுலபமாகப் போயின. மூன்றாம் பகுதி, பாதிக்கப்பட்டவரின் அரசியல்.

"உங்கட கணவற்ர அரசியல் என்ன அம்மா?"

"அவருக்கு அரசியல் இல்லைத் தம்பி. வாடியில ஐஸ் உடைக்கிறவர்."

உமாசுதன் பேனையை எடுத்து, பிறகு கீழே வைத்தார். கூட்டங்களுக்குப் போகிறவரா என்று கேட்டார். கோயில் கூட்டத்துக்குப் போவார் என்றாள். பேப்பர் வாசிப்பாரா என்று கேட்டார். மீன் சுற்றுவதற்கு வாடிக்கு வரும் பழைய பேப்பர்களில் விளையாட்டுச் செய்தி இருந்தால் வாசிப்பார். தேர்தல்களில் வாக்களித்தாரா? ஒருமுறை போனார், பட்டியலில் பெயர் இல்லாததால் திரும்பி வந்தார். எப்போதாவது, எங்கேயாவது ஒரு வரிசையில் நிற்கும்போதாவது, அரசாங்கத்தைப் பற்றி ஏதும் சொல்லியிருக்கிறாரா? அவள் நன்றாக யோசித்தாள். மண்ணெண்ணெய் வரிசையில் வெய்யில் கூடிப்போச்சு என்று சொன்னது மட்டும்தான் நினைவில் இருந்தது.

உமாசுதன் பொறுமையான ஆள். கதிரையை முன்னுக்கு இழுத்து, ஒரு வைத்தியர் நோயைப் பற்றி விளங்கப்படுத்துவது போலச் சொன்னார்.

"அம்மா, அரசியல் நோக்கத்துக்குச் செய்த குற்றத்துக்குத்தான் எங்கட சட்டத்தில மன்னிப்பு இருக்கு. நீங்கள் இப்பிடிச் சொன்னா அது சாதாரணக் கொலை எல்லோ. சாதாரணக் கொலைகாரருக்கு உதவி செய்யிற ஆணைக்குழு இல்லை இது."

'கொலை' என்று அவர் சொன்னது விமலராணிக்குச் சற்றுப் பிந்தித்தான் கேட்டது. கடிதத்தில் கடத்தியமை என்றுதான் இருந்தது. பதினேழு வருடத்தில் ஒருவரும் அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உமாசுதனுக்கும் முகம் மாறிவிட்டது. பொதுவாகச் சொன்னேன், உறைக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது என்று அவசரமாகச் சொன்னார்.

அவள் உறையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அரசியல் இல்லையெண்டா என்ன நடக்கும்?"

"விண்ணப்பம் தள்ளுபடியாகும். தள்ளுபடியானா உறையைப் பிரிக்காமலே எரிக்கவேணும். அது விண்ணப்பதாரற்ர உரிமை."

"பிறகு ஆளைப் பிடிப்பினமோ?"

"ஆதாரம் வேணும் அம்மா."

"ஆதாரம் எங்கை இருக்கு?"

உமாசுதன் உறையைக் காட்டினார். பிறகு நேரத்தைப் பார்த்து, தேநீர் இடைவேளை முடியும்வரை யோசிக்கலாம் என்றார். பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்தில் ஏதாவது ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வதுண்டு என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

மண்டபத்துக்குப் பின்னால் சுவாமியின் கார் நிற்கும் சிறிய முற்றம். தாயும் மகளும் அங்கே நின்றார்கள். தர்சனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றாள். அரசாங்கத்துடன் போரிட்ட இயக்கத்தின் ஆள் அப்பா என்று சொன்னால், அவர்கள் செய்தது சரியென்று தாங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். நாளைக்கு யாராவது அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் அப்பா அதில் எப்படி இருப்பார்? அவளிடம் அப்பாவைப் பற்றிச் சொந்தமாக ஒரு நினைவும் இல்லை. மற்றவர்கள் சொன்னதுதான் இருக்கிறது. அதிலும் ஒரு பொய்யைச் சேர்க்கவேண்டுமா என்று கேட்டாள்.

"எனக்குச் சரி பிழை வேண்டாம் பிள்ளை" என்றாள் விமலராணி. "எனக்கு இடம் தெரியவேணும்."

"அப்பாவுக்கு நீங்கள் செய்யிறது அநியாயம் அம்மா."

"ஓம்" என்றாள் தாய். "தெரிஞ்சுதான் செய்யிறன்."

தர்சனா மண்டபத்துக்குள் வரவில்லை. முற்றத்துக் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விட்டாள்.

விசாரணை பதினொரு மணிக்குத் தொடங்கியது. மேடையில் தலைவர், பக்கத்தில் உமாசுதன், பின்னால் பெரிய திரை. விமலராணியை முன்னுக்கு வந்து ஒலிவாங்கியின் முன்னால் நிற்கச் சொன்னார்கள். கணவரின் அரசியலைப் பற்றி இப்போது ஏதாவது நினைவு வருகிறதா என்று தலைவர் கேட்டார்.

"என்ர மனிசன் இயக்கத்துக்கு உதவி செய்தவர்" என்றாள்.

மேடையில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. என்ன மாதிரியான உதவி என்று தலைவர் கேட்டார். அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. பெனடிக்ற் ஒருவருக்குக் கொடுத்திருக்கக்கூடிய பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"ஐஸ் குடுத்தவர்."

தலைவர் சற்று யோசித்து, குறிப்பெடுப்பவருக்குச் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். அது உரக்க வாசிக்கப்பட்டபோது, காலஞ்சென்ற பெனடிக்ற் இயக்கத்தின் குளிர்பதன வழங்கல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் என்று ஆகியிருந்தது. பின்வரிசையில் இருந்த பேசாலை ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு திரை ஒளிர்ந்தது. விண்ணப்பதாரர் 61 தெரிந்தார். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, பின்னால் சுவரில் ஒரு நாட்காட்டி. அவர் சிங்களத்தில் பேசினார். உமாசுதன் அதை அப்படியே தன்மையில் தமிழாக்கினார். அதனால் மண்டபத்தில் இருந்தவர்களுக்கு, மடிப்புக் குலையாத சட்டை போட்ட அந்த யாழ்ப்பாணத்துப் பெடியன் எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொள்வது போல இருந்தது.

முதலில் தலைவர் அவருடைய உடல்நலத்தை விசாரித்தார். பதினான்கு மாதம் காத்திருந்ததால் இரத்த அழுத்தம் கூடிவிட்டது என்றார். காத்திருக்க வைத்ததற்காக ஆணைக்குழு அவரிடம் வருத்தம் தெரிவித்தது. அது எழுத்திலும் அனுப்பப்படும் என்றார் தலைவர். பிறகு, பாதிக்கப்பட்ட தரப்பே கணவரின் அரசியலை ஒப்புக்கொண்டுவிட்டதால் இனி ஒரு சம்பிரதாயம்தான் மிச்சம், அந்தச் செயல் அரசியல் நோக்கம் கொண்டதென்று உறுதிப்படுத்துங்கள் என்றார்.

விண்ணப்பதாரர் 61 கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"அந்த அம்மா சொல்லுறது சரியில்லை ஐயா" என்றார் உமாசுதனின் வாயால். "அவர் இயக்கம் இல்லை. எங்களுக்குத் தந்த பேர் பெனில்டஸ். வந்தவரை மறிச்சு அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தன். முதல் எழுத்துகள் சரியா இருந்தது. நல்ல வெய்யில். மிச்சத்தை வாசிக்கேல்லை."

 அவர் தொடர்ந்தார். ஆள் மாறிவிட்டதென்று பிறகு தனக்கு விளங்கியது என்றார். மேலிடத்துக்கும் சொன்னார். எழுதிப் பதிந்த பிறகு ஆளைத் திருப்பி அனுப்பினால் பதிவு பிழையாகிவிடும் என்று மேலிடம் சொன்னது.

தலைவர் அவசரமாகக் குறுக்கிட்டார். பெனில்டஸ் என்பவர் அரசியல் தொடர்புள்ளவர்தானே என்று கேட்டார். ஆம் என்றது திரை. அப்படியானால் நோக்கம் அரசியல்தான் அல்லவா? "அவரில நோக்கம் இருந்தது. இவரில ஒரு நோக்கமும் இல்லை. இவரில இருந்தது பிழை மட்டுந்தான்." பிழைக்கு மன்னிப்பளிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தலைவர் எச்சரித்தார். முழு உண்மையைச் சொல்லச் சொன்னீர்களே என்றார் விண்ணப்பதாரர். முழு உண்மை என்பது உறைக்குள் இருக்கவேண்டியது, விசாரணையில் சொல்லவேண்டியதல்ல என்றார் தலைவர். சற்றுக் கோபத்துடன்தான் சொன்னார்.

விமலராணி ஒலிவாங்கிக்கு முன்னால் அப்படியே நின்றாள். அவளுடைய கணவன் குற்றமற்றவன் என்று பதினேழு வருடத்தில் முதல்தடவையாக ஓர் அரச அலுவலர் சபையில் சொல்லிவிட்டார். சொன்னது அவனைக் கொண்டுபோனவர். இல்லை, அவன் இயக்கம்தான் என்று எதிர்ப்பக்கத்தில் நிற்பது அவள். ஐயா, அவர் சொல்வதுதான் உண்மை என்று சொல்ல வாய் திறந்தாள். சொன்னால் அந்த மண்ணிற உறையை எரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டாள்.  அருகில் இருந்த முன்வரிசைக் கதிரையில் இருந்துவிட்டாள். ஒரு தொண்டர் ஓடிவந்து, அது விண்ணப்பதாரர் தரப்புக்கு ஒதுக்கப்பட்டது என்று சொல்லி எழுப்பினார்.

விண்ணப்பதாரரின் உடல்நிலை கருதிப் பத்து நிமிட இடைவேளை விடப்பட்டது. திரை மீண்டும் ஒளிர்ந்தபோது அவருக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியும் வைத்தியச் சான்றிதழும் இருந்தன. மன அழுத்தத்தால் விண்ணப்பதாரருக்குத் தான் செய்தவற்றைச் சிறிதாக்கிச் சொல்லும் பழக்கம் உண்டு என்று சான்றிதழ் வாசிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட தரப்பின் சாட்சியத்தை மறுக்கிறீர்களா என்று கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்து, மறுக்கவில்லை என்றார்.

ஒன்றே முக்காலுக்குத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. தன் கணவரின் அரசியலைத் துணிந்து வெளிப்படுத்திய மனைவியின் நேர்மையான சாட்சியத்தை முழுமையாக ஏற்று, விண்ணப்பதாரர் 61 மன்னிக்கப்பட்டார். பீலிக்ஸ் மேடையேறித் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். உறை ஒரு தாம்பாளத்தில் கத்தரிக்கோலுடன் வந்தது. தலைவர் நாடா வெட்டுவது போல அதை வெட்டி, உள்ளே இருந்த மூன்று தாள்களை விமலராணியின் கையில் கொடுத்தார். படம் எடுத்தார்கள்.

மூன்று தாள்களிலும் வரிக்கு வரி கறுப்பு மை பூசியிருந்தது. பெனடிக்ற்றின் பெயர் தெரிந்தது. திகதி தெரிந்தது. இரண்டாம் பக்கத்தில் 'வெய்யில்' என்ற சொல்லும், மூன்றாம் பக்கத்தில் 'அவ்விடத்தில் வைத்துக் கையளிக்கப்பட்டார்' என்பதும் தப்பியிருந்தன. எவ்விடம் என்பதன் மேல் மை இரண்டு தடவை ஓடியிருந்தது. அடிக்குறிப்பு சொன்னது: மன்னிப்புக்கு இன்னும் விண்ணப்பிக்காத ஏனைய அலுவலர்களின் நலன் கருதி மறைக்கப்பட்டுள்ளது.

ஆட்கள் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விமலராணி மேசைக்குப் போனாள். உமாசுதன் கோப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தான் சொன்னது பொய், அதைத் திருப்பி எடுக்கவேண்டும் என்றாள். உமாசுதனுக்கு அவள்மேல் இரக்கம்தான். ஆணைக்குழுவின் முன்னால் பொய் சொல்வது பெரிய குற்றம், அதனால் அதை வெளியே சொல்லவேண்டாம் என்றார். அவள் விடவில்லை. அப்படியானால் ஒரு வழி இருக்கிறது, அரசியல் பற்றிச் சொன்ன பொய் என்பதால் அதையும் அரசியல் குற்றமாக எடுத்துக்கொள்ளலாம், அவளும் மன்னிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். படிவம் ஒன்றைக் காட்டினார். அவருக்கு அது பழகிய படிவம். வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். குற்றவாளி, விமலராணி. பாதிக்கப்பட்டவர், அந்தப் பொய்யால் பெயர் கெட்டவர், அதாவது பெனடிக்ற்.

"பாதிக்கப்பட்டவருக்கு மூண்டு தடவை பதிவுத் தபாலில அழைப்பு அனுப்பவேணும். விதி பதினாலு. நீங்கள் விலாசம் தரவேணும்."

"விலாசம் தெரியாட்டி?"

"தெரியாட்டி நாங்கள்தான் தேடி எடுக்கவேணும். எல்லாக் கோப்பும் பார்க்கவேணும்."

விமலராணி அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார்.

"கட்டாயம் தேடவேணுமோ தம்பி?"

"விதி அம்மா. கட்டாயம்."

"அப்ப நான் குற்றம் செய்தனான். எழுதுங்கோ."

படிவத்துக்கு ஒரு சாட்சி வேண்டும். பீலிக்ஸ் தனக்கு விருந்தினரை வழியனுப்ப வேண்டியிருக்கிறது என்றார். விமலராணி மகளுக்குப் போன் எடுத்தாள். தர்சனா சந்தைக்குள் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தவள், கண் வீங்கி வந்தாள். விளக்கத்தை ஒன்றும் கேட்கவில்லை. படிவத்தில் அம்மாவின் பெயருக்கு மேல் 'குற்றவாளி' என்று இருப்பதைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பதில் வரப் பதினொரு மாதம் எடுத்தது. அதற்குள் பீலிக்ஸ் அவளைச் சங்கத்தின் நிகழ்ச்சிகளுக்கு வராமல் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டார். பொய்ச் சாட்சி சொன்ன ஆள் என்று பதிவாகியிருக்கிறதாம், நாளைக்கு எல்லோருடைய பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதிக்கும் பிரச்சினை வரலாமாம். அப்படி ஒரு சட்டம் இத்தாலியில் இல்லை என்று தர்சனா விளக்கினாள். அவர் கேட்கவில்லை. இயக்கத்தின் குளிர்பதனப் பொறுப்பாளரின் மனைவி என்று சிலர் பகிடியாகவும், சிலர் பகிடியில்லாமலும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

கடிதம் சுருக்கமாக இருந்தது. பாதிக்கப்பட்டவரான பெனடிக்ற் மூன்று தடவை முறைப்படி அழைக்கப்பட்டும் சமுகமளிக்கவில்லை. காரணமும் அறிவிக்கவில்லை. ஆகவே அவர் விண்ணப்பதாரரை மன்னிக்க விரும்பவில்லை என ஆணைக்குழு முடிவு செய்கிறது. விமலராணியின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நாட்டுக்குள் பிரவேசிக்கும் பட்சத்தில் அவர் விசாரணைக்கு உட்படுத்தப்படலாம்.

பெனடிக்ற்றின் விடயத்தில் பதினெட்டு வருடத்தில் குற்றவாளி என்று பதியப்பட்ட ஒரே ஆள் அவள்தான். தர்சனா அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு மேசையில் முகத்தை வைத்து அழுதாள். விமலராணி அழவில்லை. அவள் கடிதத்துக்குப் பின்னால் குத்தியிருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அவை அழைப்பு அனுப்பியதற்கான ஆதாரங்கள். மூன்று பதிவுத் தபால் உறைகளின் பிரதிகள். ஒழுங்கான எழுத்தர் ஒருவர் விதி பதினான்கின்படி கோப்பைத் தேடி, 'கடைசியாக அறியப்பட்ட விலாசம்' என்ற கட்டத்தில் இருந்ததைப் பார்த்து, உறையில் தட்டச்சு செய்திருக்கிறார். அதன் மேல் மை பூசும்படி எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மூன்று உறைகளிலும் ஒன்றேதான் இருந்தது. பெனடிக்ற், பழைய உப்புக் களஞ்சியத்துக்குப் பின்புறக் காணி, வாடி வீதி. கீழே ஊரின் பெயர். பேசாலையிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட ஆகாத ஊர். மூன்றிலும் தபாற்காரரின் குறிப்பு இருந்தது: இவ்விடத்தில் வீடு இல்லை.

தர்சனா தலையை நிமிர்த்தி அதை வாசித்தாள். அம்மாவின் கையைப் பிடித்தாள். அங்கே போனால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். பிடித்தால் பிடிக்கட்டும், விட்ட பிறகு போவேன் என்றாள் விமலராணி. தர்சனா தானும் வருவதாகச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை விமலராணி லூச்சியாவிடம் விடுமுறை கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் ஊருக்குப் போகவென்று கேட்டதில்லை. என்ன விசேஷம் என்று லூச்சியா கேட்டாள். தன் கணவனுடைய விலாசம் கிடைத்திருக்கிறது என்று விமலராணி தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொன்னாள். லூச்சியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, தான் நலம் விசாரித்ததாக அவரிடம் சொல்லச் சொன்னாள். பிறகு, அம்மாவைப் பார்க்க வேறு ஆள் பிடிக்கவேண்டும், எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டாள்.

காணி எவ்வளவு பெரிதென்று போய்ப் பார்த்தால்தான் சொல்லலாம் என்றாள் விமலராணி.